வளையத்துக்குள் வந்த தலை

எட்டாம் நாள் காலையில் நாயின் மார்புப் பட்டை ஐந்தாவது ஓட்டைக்கும் எட்டவில்லை.

ஹாலில் கார்ப்பெட்டின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பட்டையின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பார்த்தாள். மூன்று நாள் முன்பு இரண்டாவது ஓட்டையில் சிக்கென்று நின்ற பட்டை அது. மறுநாள் மூன்றாவது, அதற்கடுத்த நாள் நான்காவது. ஈரல் செய்கிற வேலை என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. வேளைக்கு இருபது துண்டு வேகவைத்த ஈரலை விழுங்கினால் துரைக்கு மட்டும் என்ன, யாருக்குத்தான் வயிறு போடாது? பட்டையை ஆறாவது ஓட்டைக்குத் தளர்த்தி, வயிற்றுக்கு அடியில் கிளிப்பை மாட்டினாள். டக் என்றது. உடனே ஒரு துண்டை நீட்டினாள். உள்ளங்கையில் வெதுவெதுப்பான மூச்சு பட்டது, துண்டு போய்விட்டது. மெல்லுகிற சத்தம் கேட்கவில்லை. நல்ல பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் அவள். பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு முந்நூறு தடவை ஹலோ சொல்லிச் சொல்லி, காவலாளி முதல் பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ‘ஹலோ அக்கா’. இருபது வயதில் பார்வை போனது. நான்கு வருஷத்துக்கு முன் வழிகாட்டும் நாயாகத் துரை வந்தது. பயிற்சி மையத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தது. காலையில் எழுப்பினால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குகிறது என்று தம்பி சொன்னதிலிருந்து துரைதான். ஆனால் கைப்பிடி வைத்த மார்புப் பட்டையான ஹார்னஸை மாட்டிவிட்டால் துரை வேலைக்காரன் ஆகிவிடுவான். மூன்று மாடிப் படி, வாசல் கேட், ஆறு கடை, நாலு வழிச் சாலை, ஆஸ்பத்திரி. ஒரு நாளும் அவளை ஒரு கல்லில்கூட இடறவிட்டதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தச் சாலையில், சிவப்பு விளக்கை மதிக்காத ஒரு வேன் அவளை உரசிக்கொண்டு போனது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. துரையின் பட்டை வேனின் பம்பரில் மாட்டிக்கொண்டது. பத்தடி தூரம் அது இழுபட்டுப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவள் நடுரோட்டில் நின்று அதன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தாள். கால் எலும்பு கூடிவிட்டது, காயம் ஆறிவிட்டது. ஆனால் ஹார்னஸின் வாசனை பட்டாலே துரை சிறுநீர் விட்டுவிடும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்களே, நாய்க்கும் அதே கதைதான்.

மையத்திலிருந்து பயிற்சி மாஸ்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், குரலிலேயே பொறுமை தெரிகிற மனிதர். புது ஹார்னஸ் ஒன்றைக் கொடுத்து ஒன்பது நாள் அவகாசம் சொன்னார். “வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் கேட்கிட்ட நிப்பேன்மா. நீங்க ரெண்டு பேரும் தனியா கீழ வரணும். அவன் பட்டை போட்டு வந்துட்டா சந்தோஷம். வரலன்னா அவன நான் கூட்டிட்டுப் போகவேண்டியதுதான். வேற வழி இல்ல.”

வேறு நாய்க்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். லீவு திங்கட்கிழமையோடு முடிகிறது. கோலை ஊன்றிக்கொண்டு இரண்டு தடவை கேட் வரைக்கும் போய்ப் பார்த்தாள். சாலையின் இரைச்சல் காதில் விழுந்ததும் திரும்பி வந்துவிட்டாள். தம்பி வீட்டில் பின்னறையைத் தயார் செய்து வைத்திருந்தான். “வந்து சும்மா உக்காருக்கா, எல்லாம் அவ பாத்துப்பா” என்று அவன் மனைவியை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னான். அன்போடுதான் சொன்னான். அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு பின்னறையில் சும்மா உட்கார்ந்து சாகிறவரைக்கும் இருப்பதா? துரையை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டா?

அதனால் மாஸ்டர் சொன்னதை ஒரு புள்ளி மாறாமல் செய்தாள். ஹார்னஸ் கையில் இருக்கும்போது பெயரைக் கூப்பிடக் கூடாது, வேனுக்குப் பின்னால் அவள் கத்தியது அதற்கு நினைவு வந்துவிடும். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உடம்பைத் தொடக் கூடாது, அதுவாக வந்து ஒட்டினாலொழிய. முதலில் ஹார்னஸின் வளையத்துக்குள் கிண்ணத்தில் ஈரலை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட வேண்டும். முதல் நாள் வைத்தது வைத்தபடி கிடந்தது. இரண்டாம் நாள் கால்மணி நேரம் கழித்து வந்து தடவிப் பார்த்தால், கிண்ணம் கழுவித் துடைத்தது போலக் காய்ந்து கிடந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்து கிளிப்பைக் கையில் வைத்து டக் என்று சொடுக்கிவிட்டு உடனே ஒரு துண்டு. நான்காம் நாள் வளையத்தை நீட்டிப் பிடித்தபோது, அதற்குள் தானாக ஒரு தலை வந்தது. உடனே மாஸ்டருக்குப் போன் செய்தாள். “ஒருத்தருக்கும் நாலு நாள்ல இது நடந்ததில்லம்மா” என்றார் அவர்.

கார்ப்பெட் தடிமனானது. நகச்சத்தம் கேட்காததில் ஆச்சரியமில்லை. பயிற்சி முடிந்து சமையலறைக்குத் திரும்பினால் துரை அவளுக்கு முன்பே அங்கே மேஜைக்கு அடியில் படுத்திருக்கும். என்னை முந்திக்கொண்டு ஓடி வந்துவிடுகிறான் கள்ளன் என்று நினைப்பாள். தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே இருக்கும். ஈரல் தின்ற வயிற்றுக்கு அது எங்கே இறங்கும்?

எட்டாம் நாள் மதியம் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்தான். மேஜைக்கு அடியில் குனிகிற சத்தம் கேட்டது.

“என்னக்கா இது, நாய் எலும்பும் தோலுமா கெடக்கு? சாப்பாடு போடுறியா இல்லையா?”

“சும்மா இருடா. பட்டைய நாலு ஓட்ட தளத்திட்டேன். கொழுத்துப்போய்க் கெடக்கான்.”

“யாரு, இவனா? விலா எலும்ப எண்ணிரலாம். நீயே தொட்டுப் பாரு.”

அவள் குனியவில்லை. கையிலிருந்த கரண்டியை மெதுவாக மேடையில் வைத்தாள்.

“அவன ஹாலுக்குக் கூப்பிடு,” என்றாள்.

தம்பி கூப்பிட்டான். கொஞ்சினான். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தான். துரையின் நகங்கள் சமையலறைத் தரையில் கிறீச்சென்று தேய்கிற சத்தம், பிறகு அடித்தொண்டையில் ஒரு முனகல். வாசற்படியைத் தாண்டி ஒரு அங்குலம் நகரவில்லை.

“அட, வரவே மாட்டேங்கறான். தாழ்வாரத்துல இவன் மூத்திரம் காஞ்சு கெடக்குது, எத்தன நாளாச்சோ. நீ எங்கக்கா இவனுக்குப் பழக்குற?”

“ஹால்ல.”

“இவன் ஹாலுக்கு வந்த மாதிரியே தெரியலயே.”

காலையில் உள்ளங்கையில் பட்ட மூச்சு அவளுக்கு நினைவுக்கு வந்தது. “ஹால்ல யாராவது இருக்காங்களா, பாரு,” என்றாள், எவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சாதாரணமாக.

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “யாரு இருப்பா? சேர் மேல உன் பட்டை கெடக்கு. ஈரல் நாத்தம் தாங்கல. ஜன்னலத் தொறந்து வைக்கக் கூடாதா?” பிறகு அவன் குரல் இறங்கியது. “அக்கா, தனியா இருந்து இருந்து உனக்கு என்னமோ ஆகுது. சொன்னாக் கேளு, இன்னைக்கே எங்கூட வந்துரு.”

சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த நிமிஷம் பெட்டியைக் கட்டுவான், அப்புறம் ஆயுசுக்கும் பின்னறைதான். “நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பொறுடா,” என்றாள். அவன் போனான். முன்கதவு சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டை விட்டு வெளியே போக இருந்த ஒரே கதவு ஹாலில்தான் இருந்தது.

அவள் சமையலறைத் தரையில் படுத்து மேஜைக்கு அடியில் கையை நுழைத்தாள். துரையின் அடர்ந்த ரோமத்துக்குக் கீழே விலா எலும்புகள் சீப்புப் பற்கள் போல வரிசையாக நின்றன. அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அது அவள் மணிக்கட்டை நக்கியது. எட்டு நாளாக அவள் ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. “மன்னிச்சிருடா,” என்று சொல்லி அந்த ஒட்டிய வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்போது ஹாலில் டக் என்றது.

துரை மூச்சை நிறுத்தியது. அவளும் நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தின் முள் ஓடுகிற சத்தம், குழாயிலிருந்து சொட்டுகிற சத்தம், கீழே தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை ஏற்றுகிற சத்தம், இத்தனைக்கும் நடுவில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பொறுமையான மௌனம் வந்துகொண்டிருந்தது. கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களின் மௌனம். பதினோரு வருஷம் போனில் கேட்டுப் பழகியவளுக்கு அது தெரியாதா?

டக்.

கிளிப் சத்தம் வந்தால் ஈரல் வரும். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

டக். டக். இந்தத் தடவை தாழ்வாரத்துக்குக் கொஞ்சம் கிட்டே.

இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தாழ்வாரத்தை நோக்கி எறிந்தாள். அது கீழே விழுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டாள். விழவே இல்லை.

எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். மாஸ்டருக்குப் போன் செய்து இன்னும் இரண்டு நாள் கேட்டாள். கெஞ்சினாள். அவர் சிரித்தார். “பரீட்சைக்கு முந்துன நாள் எல்லாருக்கும் வர்ற பயம்தான்மா. நேத்து அரைமணி நேரம் பட்டையோட நின்னான்னு நீங்கதான சொன்னீங்க? அவ்வளவு நல்லாப் பழகிட்டான், அப்புறம் என்ன?” எட்டு நாளாக அவளே பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இப்போது கழுத்தைச் சுற்றியது. கதவுக்கு முதுகைக் கொடுத்து, துரையை மடியில் போட்டுக்கொண்டு, விடிகிற வரைக்கும் அப்படியே இருந்தாள். டக் சத்தம் பிறகு கேட்கவில்லை. ஆனால் கதவின் அடியிலிருந்த இடுக்கு வழியாக அவள் இடுப்பின் மேல் வெதுவெதுப்பாகக் காற்று வந்து வந்து போனது.

காலை ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது. “கீழ வந்துட்டேன்மா. வண்டிய கேட்டுக்கு வெளிய நிறுத்தியிருக்கேன். பத்து மணி வரைக்கும் பாப்பேன். வரலன்னா மேல வந்து அவனக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

துரை காதை மடக்கிக்கொண்டது அவள் தொடையில் தெரிந்தது. இன்னும் ஒரு வழிதான். ஹாலுக்குப் போய் ஹார்னஸை எடுத்து வந்து, கடித்தாலும் சரி, அழுதாலும் சரி, துரைக்கு மாட்டிவிட வேண்டியது. வேறு எதுவும் அங்கே இல்லை. தம்பி பார்த்துவிட்டுத்தானே சொன்னான்? யாரும் இல்லை. சேர், பட்டை, ஈரல் நாற்றம். அவ்வளவுதான்.

துரையை உள்ளே விட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். தாழ்வாரத்தில் எட்டு அடி. கார்ப்பெட் காலில் பட்டது. ஜன்னல் பக்கம் வெயில் கன்னத்தில் அடித்தது. சேரின் முதுகைக் கண்டுபிடித்தாள். கையை இறக்கினாள்.

சேர் காலியாக இருந்தது.

தரையில் தடவினாள். சுவரோரம். சோபாவுக்கு அடியில். இல்லை. நிமிர்ந்து நின்றாள். இடது கை சும்மா தொங்கியது.

அந்தக் கைக்குள், சரியான உயரத்தில், கைப்பிடி வந்து நின்றது.

துரை நல்ல நாளில் அப்படித்தான் நிற்கும். இடது பக்கம், அரை அடி முன்னால், கைப்பிடி உள்ளங்கைக்கு நேராக. தோல் உறையின் தையல்கூட அவள் விரலுக்குத் தெரிந்த தையல். கீழே மூச்சுச் சத்தம் இல்லை. வால் ஆடும் சத்தம் இல்லை. சமையலறையில் துரை கதவைப் பிறாண்ட ஆரம்பித்தது.

ஓட வேண்டும் என்று தோன்றியது. எங்கே ஓடுவது? இன்னும் ஐந்து நிமிஷத்தில் மாஸ்டர் படியேறி வந்து, மேஜைக்கு அடியிலிருந்து துரையைத் தூக்கிக்கொண்டு போவார். மாலையில் தம்பி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போவான். இதுவோ, இத்தனை நாள் அவள் கையிலேயே தின்றது. ஒரு தடவை பல் பட்டதில்லை. தம்பி கண்ணுக்கே தெரியாதது மாஸ்டர் கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிடுமா? தெரு முழுக்க நாய்கள், ஏதோ ஒன்று எப்படியோ வந்து ஒண்டிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது மாடிக்கா என்று மனசு கேட்டது. கேட்காதது போல இருந்துவிட்டாள். துரை இங்கேயே இருக்க வேண்டும். அவள் நடக்க வேண்டும். எட்டு வாரமாயிற்று, நடக்க வேண்டும், நடந்தே ஆக வேண்டும்.

“நட,” என்றாள்.

அது நடந்தது. எவ்வளவு அழகாக நடந்தது! கதவருகே நின்றது, திறந்தாள். படியின் விளிம்பில் நின்றது, காலால் தேடிக் கண்டுபிடித்தாள், இறங்கியது. திருப்பத்தில் அவளைச் சுவர்ப் பக்கமாகக் கொண்டுபோனது. மூன்று மாடியும் ஒரு இடறல் இல்லை. கேட்டின் காற்று முகத்தில் அடித்தபோது, பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சந்தோஷம் பீறிட்டுக்கொண்டு வந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“வாங்கம்மா, வாங்க! பாத்தீங்களா, நான் சொன்னே—”

மாஸ்டரின் குரல் பாதியில் நின்றது. ஏதோ காகிதக் கட்டு தரையில் விழுந்து சிதறியது.

“அம்மா,” என்றார். “துரை எங்க?”

“மேல.”

“கைய விடுங்கம்மா. மெதுவா. ஒண்ணும் பேசாதீங்க. கைய மட்டும் விட்டுருங்க.”

விரல்களைப் பிரித்தாள். பிரிந்தன. ஆனால் கைப்பிடி அவள் உள்ளங்கையை விட்டு நகரவில்லை. அவள் கையை எங்கே எடுத்தாலும் அது அங்கே வந்தது. நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள், நெஞ்சுக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், வந்தது. கடைசியில் விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன, நான்கு வருஷப் பழக்கம்.

அது நடக்க ஆரம்பித்தது.

“நில்,” என்றாள்.

நிற்கவில்லை. வரச் சொல்லிக்கொடுத்தாள். தலையை நுழைக்கச் சொல்லிக்கொடுத்தாள். கிளிப் சத்தத்துக்குக் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தாள். நிற்க அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

“நில்! நில்லு!”

முதல் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் தாண்டும்போது நின்றது. இரண்டாவது கடையில் இரண்டு பேர் ஏதோ விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினார்கள். மூன்றாவது கடையில் சுத்தியல் சத்தம். நின்றது. ஒருத்தரும் கத்தவில்லை. ஒருத்தரும் ஓடவில்லை. கடை கடையாகத் தெரு வாயை மூடிக்கொண்டு வந்தது. மாஸ்டர் பின்னால் வருகிறாரா என்று காது கொடுத்தாள். வரவில்லை. மேலே, தூரத்தில், சமையலறை ஜன்னலிலிருந்து துரை ஊளையிட்டது.

நாலு வழிச் சாலையின் இரைச்சல் எதிரே வந்தது. பிறகு அதுவும் நின்றது.

டக்.

பைக்குள் கையை விட்டாள். ஒரு துண்டுகூட இல்லை.

டக்.

“இல்ல,” என்றாள் அழுதுகொண்டே. “தீந்துபோச்சு. எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

கைப்பிடி உயர ஆரம்பித்தது. முழங்காலுக்கு மேலே, இடுப்புக்கு, தோளுக்கு. அவசரமே இல்லை. நான்கு கால்களில் வந்தது இரண்டு கால்களில் எழுந்து நிமிர்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பட்டை நெறிகிற சத்தம் காதுக்கு அருகில் கேட்டது, பிறகு தலைக்கு மேலே கேட்டது. பெரியவர் கையைப் பிடித்து நடக்கிற சின்னப் பிள்ளை போல அவள் கை முழு நீளத்துக்கும் மேலே நீண்டது. உச்சந்தலையில் வெதுவெதுப்பான மூச்சு வந்து விழுந்தது. அவள் குதிகால்கள் தரையை விட்டன.